பாஸ்டியனும் மஞ்சள் குருவியும்: இதை நட்பு என்று சொல்லலாமா?

நொய்யல் வாசகி (கோவை):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை சிலர் கூடி, ஒரு குறும்படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த கூட்டத்தில் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ‘ஓவர்வாட்ச்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காக பிளிஸார்ட் நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘தி லாஸ்ட் பாஸ்டியன்’ என்ற அனிமேஷன் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஏழெட்டு நிமிடமே ஓடும் அந்தப் படத்தில் வசனமே கிடையாது என்பதால், அதற்கு என்ன பொருள் கொள்வது என்பது முழுக்கப் பார்ப்பவர் பொறுப்பாகிவிடுகிறது. அதுதான் என்னை ஈர்த்தது. இப்போது குழப்புவதும் அதுதான்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கும் ‘ஆம்னிக்’ எனப்படும் இயந்திரங்களுக்கும் இடையே நடந்த பெரும்போர் முடிந்து ஆண்டுகள் பல கழித்து, ஜெர்மனியில் ஒரு காட்டுக்குள், பாசியும் கொடியும் படர்ந்து மூடிய நிலையில் பாஸ்டியன் என்ற போர் இயந்திரம் செயலற்றுக் கிடக்கிறது. கூடு கட்ட இடம் தேடி வந்த மஞ்சள் நிறச் சிறு குருவி ஒன்று அதன்மேல் அமர்ந்து கொத்த, இயந்திரம் விழித்துக்கொள்கிறது. சண்டைக்கென்றே படைக்கப்பட்ட அது, சண்டையைத் தேடிப் போகாமல், காட்டில் உள்ள ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நடக்கிறது. குருவியும் கூடவே வருகிறது. எங்கோ ஒரு மரங்கொத்தி மரத்தைத் தட்டும் ஓசை கேட்டதும் அதன் கண் சிவந்து, உடல் மடிந்து, பல குழல்கள் சுழன்று சுடும் இயந்திரத் துப்பாக்கியாக மாறி, எதிரே இருந்த மரங்களையெல்லாம் சுட்டு வீழ்த்திவிடுகிறது. குருவி பறந்துபோய்விடுகிறது. பிறகு தனியே நடக்கும் இயந்திரம் தொலைவில் ஒரு நகரத்தைப் பார்க்கிறது. பழைய போரின் நினைவு அதற்குள் எழ, பாதியில் நின்றுபோன கட்டளையை முடிக்கக் கிளம்பியதுபோல் நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறது. அப்போது அந்தக் குருவி ஒரு சுள்ளியோடு திரும்பி வருகிறது. இயந்திரம் நிற்கிறது, பார்க்கிறது, காட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறது.

என் தோழிகளில் ஒருத்தி, அன்பு இரும்பையும் உருக்கும் என்பதே படத்தின் பொருள் என்று சொல்லி முடித்துவிட்டாள். இன்னொருத்தி, இதில் நட்பு என்று எதுவுமே இல்லை, நீண்ட நாள் மழையிலும் வெயிலிலும் கிடந்து பழுதான நிரல் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் ஓடுகிறது, குருவிக்கு அந்த இயந்திரம் ஒரு பட்ட மரம், அவ்வளவுதான் என்கிறாள். இரண்டுமே எனக்கு நிறைவு தரவில்லை. முதல் விளக்கத்தில் குருவியை ஏதோ அறிவுரை சொல்ல வந்த முனிவரைப் போல ஆக்கிவிடுகிறோம். இரண்டாவதில், கடைசிக் காட்சியைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏற்படும் அழுத்தத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. தன்னைச் சுற்றி மரங்கள் சரிந்து விழுந்ததைக் கண்ட ஒரு பறவை ஏன் திரும்பி வருகிறது? அந்த இயந்திரம் என்ன செய்யக்கூடியது என்று அது தெரிந்துகொண்டதா? தெரியாமல் வந்தது என்றால், தெரியாமல் கொடுப்பதை நட்பு என்று சொல்ல முடியுமா? இந்தப் படத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்கள், அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள், பறவைகளைக் கவனிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.


தறிச்சத்தம் (சோமனூர்):

நான் ஒரு சிறிய அனிமேஷன் கூடத்தில் ஒலி சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆகையால் காதுவழியாகவே இந்தப் படத்துக்குள் போகிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி ஒலியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் இரண்டு கொத்தல்கள் வருகின்றன. குருவியின் கொத்தலில் இயந்திரம் விழிக்கிறது. மரங்கொத்தியின் தட்டலில் அதே இயந்திரம் சுடுகிறது. இரண்டும் அலகு எதிலோ மோதும் ஓசைதான், இரண்டும் தீங்கில்லாத பறவைகள் தம் பாட்டுக்குச் செய்யும் வேலைதான். ஒன்று தன் உடம்பின்மேலேயே நிகழ்கிறது, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்து சீராகவும் விரைவாகவும் வருகிறது. தொலைவிலிருந்து சீராக வரும் ஓசை எதுவானாலும் அது துப்பாக்கி என்று அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டிலில் குழந்தை நிம்மதியாகத் தூங்கும். மின்சாரம் நின்று தறி அடங்கினால்தான் விழித்து அழும். காது எதற்குப் பழகியிருக்கிறதோ அதைக் கொண்டுதான் அமைதி எது, ஆபத்து எது என்று உடம்பு முடிவு செய்கிறது. பாஸ்டியன் கெட்டது என்பதால் மரங்களைச் சுடவில்லை. அதன் காது இன்னும் போரிலேயே இருக்கிறது.

இப்போது குருவியை யோசித்துப் பாருங்கள். தோட்டா, குண்டு, எதிரியின் கவசம், தன்னைப் போன்ற இயந்திரங்களின் நடை, இப்படிப் போர்க்களத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அந்த இயந்திரத்தினுள் ஒரு மறுவினை எழுதப்பட்டிருக்கும். கையில் வந்து உட்காரும் ஒரு குருவியின் எடைக்கு எந்த மறுவினையும் எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் அதைப் படைத்தவர்களுக்கு அப்படி ஒன்று நிகழும் என்றே தோன்றியிருக்காது. எழுதப்படாத அந்த வெற்றிடத்தில்தான் இந்த உறவு தொடங்குகிறது. பாஸ்டியன் குருவியைப் பார்க்கும்போது உடனே எதுவும் செய்வதில்லை, ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை அனிமேஷன் கலைஞர்கள் மிகுந்த கவனத்தோடு வைத்திருக்கிறார்கள். வாயோ புருவமோ இல்லாத, ஒற்றை விளக்கு மட்டுமே முகமாகக் கொண்ட ஒரு பாத்திரத்துக்கு உணர்ச்சி கொடுக்க அவர்கள் கையில் இருந்தவை தலையின் சாய்வு, ஒளியின் நிறம், செயலுக்கு முன் விடும் இடைவெளி, சில ‘பீப்’ ஒலிகள் ஆகியவைதான்.

அதே கலைஞர்கள் குருவிக்கு மனித முகபாவம் எதையும் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சிறுவர் படங்களில் வரும் பறவைகளைப் போல அது கண்ணை உருட்டுவதில்லை, புன்னகைப்பதில்லை. அது என்ன நினைக்கிறது என்பதை நமக்குச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே உங்கள் முதல் தோழி சொன்ன விளக்கத்துக்குப் படத்தில் சான்று கிடைக்காது.

கூட்டத்தில் முடிந்தால் மரங்கொத்திக் காட்சியை முதலில் படம் இல்லாமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேட்க வையுங்கள், பிறகு படத்தோடு காட்டுங்கள்.


அவிநாசிச் சாலை (திருப்பூர்):

நான் இந்த விளையாட்டை அது வெளிவந்த 2016-ஆம் ஆண்டிலிருந்து ஆடி வருகிறேன். இந்தக் குறும்படம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த நட்பை எல்லோரும் இவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சோமனூர் நண்பர் ‘அதன் காது இன்னும் போரில் இருக்கிறது’ என்கிறார். சரிதான், அந்தப் போரில் இறந்தவர்கள் எங்கே?

அந்தக் கதையுலகில் பாஸ்டியன் என்பது ஒரே ஒரு இயந்திரத்தின் பெயர் அன்று, ஒரு வகையின் பெயர். நூற்றுக்கணக்கில் அணிவகுத்து வந்து ஊர்களை அழித்த வகை அது. படத்தில் தொலைவில் தெரியும் நகரம் ஸ்டுட்கார்ட். அந்தக் காட்டை ஒட்டிய ஐக்கன்வால்டே என்ற இடத்தில் நடந்த சண்டையை 2017 நவம்பரில் வந்த ‘ஹானர் அண்ட் குளோரி’ என்ற இன்னொரு குறும்படம் மனிதர்கள் பக்கத்திலிருந்து காட்டுகிறது. அதில் இதே பாஸ்டியன்கள் சுடுகிற சூட்டில் கேடயம் ஏந்திய வீரர்கள் மடிகிறார்கள். ரைன்ஹார்ட் என்ற வீரரின் தலைவரான பால்டெரிக் அந்தச் சண்டையில்தான் உயிரை விடுகிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கூடு கட்ட வந்த குருவியைக் கையில் தாங்கும் அந்த இரும்புக் கரத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஒரு பறவை அதை நம்பிவிட்டது என்பதற்காக, அந்த நகரத்து மக்களும் நம்ப வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை வேறு, ஆட்டம் வேறு. குறும்படத்தின் உச்சம் பாஸ்டியன் சுடாமல் திரும்புவது. விளையாட்டில் நாம் பாஸ்டியனைத் தேர்ந்தெடுப்பதே சுடுவதற்காகத்தான். முதல் பதிப்பில் அது நடக்கும் வடிவம், ஓரிடத்தில் ஊன்றிச் சுடும் வடிவம், பீரங்கி வண்டி வடிவம் என மூன்று வடிவங்கள் எடுத்தது. 2022 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில், ஊன்றிச் சுடும் வடிவத்தை மாற்றி, நகர்ந்துகொண்டே சுடும்படி செய்துவிட்டார்கள். எந்தப் பதிப்பானாலும் கானிமீட் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த மஞ்சள் குருவி அதன் துணையாக இருக்கிறது. குருவியால் நாம் அந்தத் துப்பாக்கியை நேசிக்கப் பழகிவிடுகிறோம் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

நிறுவனமே தரும் பாத்திரக் குறிப்பும் இதற்கு ஒத்துவருகிறது. இயற்கையின்மேல் ஆர்வம் கொண்டு உலகைச் சுற்றும் அந்த இயந்திரம், ஆபத்து என்று உணர்ந்த நொடியில் பழைய போர் நிரலின் பிடிக்குள் போய்விடுகிறது. ஆகவே படத்தின் முடிவில் காட்டுக்குத் திரும்பியது நிலையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாளை இன்னொரு மரங்கொத்தி தட்டும்.

நட்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நட்பு ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் தீர்ப்பாகிவிடாது என்பதை உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, 2017-இல் வந்த ‘பைனரி’ என்ற சித்திரக்கதையில் டோர்பியோர்ன் எடுக்கும் முடிவுதான். அவர் ஒரு பொறியாளர், அறிவுள்ள இயந்திரங்களை நம்பாதவர், இந்த பாஸ்டியனை அழிப்பதற்காகவே தேடிப் போகிறவர். கடைசியில் அதை அழிக்காமல் விடுகிறார். அது என்ன செய்யக்கூடியது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் விடுகிறார். குருவியின் அறியாமையைவிட அந்த முடிவுக்கு எடை அதிகம் என்பது என் கருத்து.


வெள்ளோட்டுக் கரை (சென்னிமலை):

அம்மணி, இந்த விளையாட்டு எதையும் நான் ஆடியதில்லை. பேரன் போட்டுக் காட்டியதால் இந்தப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். பறவைகளை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், குருவி ஏன் திரும்பி வந்தது என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

கூடு கட்டும் காலத்தில் ஒரு பறவையை வெடிச்சத்தம் போட்டு விரட்டினால் அது பறந்துவிடும். சத்தம் அடங்கியதும் தூரத்துக் கிளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு பெரும்பாலும் அதே இடத்துக்கே வரும். எங்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலேயே சிட்டுக்குருவி கூடு வைக்கும். மோட்டாரைப் போடும்போது ‘டக்’கென்று விழும் சத்தத்தில் வெளியே பறந்து எதிரே இருக்கும் வேலிக்கு ஓடும், நான் வாய்க்காலில் மடை திருப்பிவிட்டு வருவதற்குள் அலகில் ஒரு துரும்போடு திரும்பி வந்திருக்கும். அந்த மோட்டார் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அதற்குத் தேவையில்லை. ஆகவே படத்தில் அந்தக் குருவி திரும்பி வந்தது இயற்கைக்கு மாறானதே அல்ல. மன்னித்து வந்தது, துணிந்து வந்தது என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை, கூடு கட்டும் வேலை பாதியில் நிற்கிறது என்பதால் வந்தது.

ஆனால் அது வெறுமனே வரவில்லை, சுள்ளியோடு வந்தது. அதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் எங்கள் வெள்ளோடு ஏரி பறவைகள் சரணாலயமாக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நாரை, கொக்கு இனங்கள் கூடு கட்டும் பருவத்தில் காலை வெயிலில் கரையில் நின்று பார்த்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். ஆண் பறவை எங்கிருந்தோ ஒரு குச்சியைக் கொண்டுவந்து பெட்டையிடம் கொடுக்கும். பெட்டை அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக் கூட்டில் செருகும். சில சமயம் பிடிக்காமல் உருவி எடுத்து வேறு பக்கம் செருகும். அந்தக் குச்சியால் கூடு கொஞ்சம் பெரிதாகிறது என்பது ஒரு பயன்தான். நம் இடம் இதுதான், இங்கேதான் இருக்கப் போகிறோம் என்பதும் ஒவ்வொரு குச்சியிலும் இருக்கிறது. குச்சி கைமாறும்போது அந்த இணைகளின் பிணைப்பும் உறுதிப்படுகிறது.

படத்தில் உள்ள சின்னக் குருவி நாரை இல்லை என்பது எனக்குத் தெரியும். படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா என்பதும் நமக்கு வேண்டாம். நகரத்தை நோக்கிப் படையெடுக்கும் ஒரு இயந்திரத்துக்கு எதிரே ஒரு பறவை சுள்ளியோடு வந்தால், ‘போகாதே’ என்று அது சொல்லவில்லை. அதற்குப் போரும் தெரியாது, நகரமும் தெரியாது. இதுதான் கூடு இருக்கும் இடம் என்று, அந்த இயந்திரத்தை ஓர் இடமாக எண்ணி வருகிறது. உங்கள் இரண்டாவது தோழி, குருவிக்கு அது ஒரு பட்ட மரம் என்று சொன்னது உண்மைதான். அந்த உண்மையை அவர் சிறியதாக நினைக்கிறார், எனக்கு அது மிகப் பெரியதாகத் தெரிகிறது. பிறந்த நாளிலிருந்து துப்பாக்கியாக மட்டுமே இருந்த ஒன்றை, முதல்முறையாக ஓர் உயிர் மரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

தெரியாமல் கொடுப்பதை நட்பு என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்துப் பழனி மலைக்குரிய வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று அறிந்தே கொடுத்தான் என்று அவனைப் பாடிய பரணர் புறநானூற்றில் சொல்கிறார். அங்கே கொடுத்தவனுக்குத் தெரியும், வாங்கிய மயிலுக்குத் தெரியாது. இந்தப் படத்தில் அப்படியே தலைகீழாக இருக்கிறது: கொடுத்த குருவிக்குத் தெரியாது, வாங்கிய இயந்திரத்துக்குத் தெரியும். தான் யார், தன் கையில் இருப்பது என்ன, சற்றுமுன் மரங்களை என்ன செய்தோம் என்பதெல்லாம் தெரிந்த பிறகும், தன்னைக் கூடு கட்டும் இடமாக நினைத்து ஒரு சிறு உயிர் வந்து நிற்பதை அது பார்க்கிறது. அந்த நினைப்புக்குத் தகுந்தபடி நடந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்த இயந்திரம் மட்டும்தான். திரும்பி நடந்தது அதன் கால்கள்; குருவி இழுத்துக்கொண்டு போகவில்லை. இருவரும் சமமாக உணர்ந்தால்தான் நட்பு என்று வைத்துக்கொண்டால் இது நட்பாகாது. ஒருவர் நம்மை எப்படி எடுத்துக்கொண்டாரோ அதற்குப் பொருத்தமாக இருக்க முயல்வதும் நட்பின் ஒரு வகை என்றால், இது நட்புதான்.

திருப்பூர் தம்பி இறந்தவர்களைப் பற்றிச் சொன்னது நியாயமான பேச்சு. அதை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது.


நொய்யல் வாசகி (கோவை):

மூவருக்கும் நன்றி. நட்பா இல்லையா என்ற பொதுக் கேள்வியிலிருந்து, சுள்ளியை வாங்கிய பிறகு யார் முடிவு செய்கிறார்கள் என்ற குறிப்பான கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. ஒன்றை மட்டும் இன்னும் கேட்க விரும்புகிறேன். ஐயா சொன்னபடி முடிவு இயந்திரத்தினுடையது என்றால், திருப்பூர் அண்ணா சொன்ன ‘நாளை இன்னொரு மரங்கொத்தி’ என்னவாகும்? கட்டளை மேலெழும்போது முடிவு செய்யும் ஆளே அங்கு இருப்பதில்லை. மரங்கொத்திக் காட்சியில் எதையும் முடிவு செய்ய அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நகரத்தைப் பார்த்த காட்சியில் கிடைத்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?


தறிச்சத்தம் (சோமனூர்):

வேறுபாடு குருவிதான். மரங்கொத்திக் காட்சியில் ஓசை வந்ததும் கண் சிவக்கிறது, உடனே வடிவம் மாறுகிறது, உடனே சுடுகிறது. நடுவில் எதுவும் நுழைய இடமில்லை. நகரக் காட்சியில் இயந்திரம் நடக்கத் தொடங்கிய பிறகு, அதன் முழு வேகமும் திரளும் முன்பு, குறுக்கே ஒன்று வந்து நிற்கிறது. சிவந்த கண் நீல நிறத்துக்குத் திரும்புவதற்கு அந்தச் சில நொடிகள் போதுமானவையாக இருக்கின்றன. குருவி செய்தது இவ்வளவுதான்: ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கியது. அந்த இடைவெளியில் என்ன செய்வது என்பதை இயந்திரம் பார்த்துக்கொண்டது.

முதல் காட்சியில் குருவி கொத்தியபோதும் இதேதான் நடந்தது. எழுந்த இயந்திரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது, அந்த நிற்றலில்தான் காட்டைப் பார்க்கத் தொடங்கியது.


அவிநாசிச் சாலை (திருப்பூர்):

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது, ஏனென்றால் இதில் யாரும் இயந்திரத்துக்கு மன்னிப்பு வழங்கவில்லை. வாசகி கேட்ட ‘நாளை’ குறித்து என் பதில் இது: நாளை மரங்கொத்தி தட்டினால் அது மறுபடியும் சுடலாம். அந்தச் சாத்தியம் இல்லாமல் போய்விட்டது என்று படம் எங்கும் காட்டவில்லை. அதனால்தான் அது நகரத்துக்குள் போய் மனிதர்களோடு கைகுலுக்கும் முடிவைப் படம் எடுத்தவர்கள் வைக்கவில்லை. மனிதர்கள் இல்லாத காட்டுக்குள் அனுப்புகிறார்கள். தன்னால் யாருக்கு ஆபத்து என்று தெரிந்த ஒன்று, அவர்களிடமிருந்து விலகிப் போகிறது என்றுகூட அந்தக் கடைசி நடையைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் ஸ்டுட்கார்ட் மக்களுக்கும் அந்தப் படத்தில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

ஆனால், குருவி அந்த விலகலுக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். மனிதர்களுக்கு ஆபத்து என்றால் குருவிக்கும் ஆபத்துதான். சோமனூர் அண்ணா, குருவி கூடு கட்டும் வேலையின் நடுவில் அந்த இயந்திரம் திடீரென்று வடிவம் மாறினால் அந்தக் கூடு என்ன ஆகும்? இதற்குப் படத்தில் விடை இல்லை, கூட்டத்தில் விவாதிக்க நல்ல கேள்வி என்று சொல்கிறேன்.


வெள்ளோட்டுக் கரை (சென்னிமலை):

மோட்டார் அறையில் கூடு இருக்கும் மாதங்களில் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவை அறைந்து சாத்த மாட்டேன், கையை வைத்து மெதுவாகத்தான் மூடுவேன், தம்பி. அதற்காக மோட்டார் போடாமல் இருக்க முடியாது, பயிர் காய்ந்துவிடும். கூடு வைத்த பறவையோடு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த அளவு கவனம் தானாக வரும். அந்த இயந்திரத்துக்கும் வருமா என்பதை இனி வரும் படங்களில்தான் பார்க்க வேண்டும். கையில் குருவி இருக்கும்போது அது எவ்வளவு மெதுவாகக் கையை அசைக்கிறது என்று மட்டும் உங்கள் கூட்டத்தில் கவனிக்கச் சொல்லுங்கள், அம்மணி.


நொய்யல் வாசகி (கோவை):

சொல்கிறேன், ஐயா. கூட்டத்தை இப்படி நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்: முதலில் மரங்கொத்திக் காட்சியின் ஒலி மட்டும், பிறகு முழுப் படம், அதன்பின் ‘ஹானர் அண்ட் குளோரி’யிலிருந்து சண்டைப் பகுதி, கடைசியாகச் சுள்ளி வரும் காட்சி மறுபடியும். மனிதர்கள் பக்கத்தைப் பார்த்த பிறகு அந்தச் சுள்ளியை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறேன். கூட்டம் முடிந்ததும் அவர்கள் சொன்னதை இதே இழையில் எழுதுகிறேன்.